இனம் விட்டு இனம் கலந்தால்...

தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பது நாம் பாலர் வகுப்பு முதலே கேட்டுவரும் பழமொழி. அவரைக் கொடியில் புடலங்காய் காய்ப்பதில்லை. வேப்ப மரத்தில் மாங்கனி தொங்குவதில்லை. ஒவ்வொரு செடியும் தன் இனத்தையே ஈன்று, தன் இனத்தையே காத்து வருகிறது. இயற்கையின் இந்த ஒழுங்கை நம்பித்தான் உழவர் விதைக்கிறார், நாமும் உண்கிறோம்.

ஆயினும், இரவில் நாம் உண்ணும் சப்பாத்தியும், காலையில் காப்பியில் கலக்கும் சர்க்கரையும் இந்த ஒழுங்கிலிருந்து சற்றே விலகிப் பிறந்த செடிகளின் கொடை என்றால் நம்புவீர்களா? திருப்பலிக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபையின் விதி. பீடத்தில் குருவானவர் உயர்த்திக் காட்டும் அந்த அப்பமும் இத்தகைய செடி ஒன்றின் தானியமே.

வெவ்வேறு சிற்றினத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள் கலந்து, புதிதாக ஒரு செடி தோன்றுமானால் அதைக் கலப்பினம் என்கிறோம். செடிகள் புதிய மண்ணிலும் புதிய தட்பவெப்பத்திலும் வாழும் தகுதியைப் பெறுவதற்கு இக்கலப்பு எவ்வாறு துணை செய்கிறது என்பதை இங்கே காண்போம்.

செடிகளுக்கும் வேலி உண்டு

தமக்குள் கூடி, வளமான சந்ததியைத் தரவல்ல உயிர்களின் கூட்டமே சிற்றினம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு சிற்றினத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இயற்கை பல வேலிகளைப் போட்டிருக்கிறது. ஒன்று காலையில் பூக்கும். மற்றொன்று மாலையில் பூக்கும். ஒன்றைத் தேனீ நாடும். மற்றொன்றை அந்துப்பூச்சி நாடும். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றின் சூல்முடியில் விழுந்தாலும் முளைக்காது. முளைத்தாலும் பெரும்பாலும் விதை பிடிக்காது.

எனினும் காற்றுக்கும் வண்டுக்கும் இந்த வேலிகள் தெரியுமா? மகரந்தம் கண்ட இடத்திற்கெல்லாம் போய்ச் சேருகிறது. அதனால் நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களிடையே எப்போதாவது கலப்பு நிகழ்ந்துவிடுகிறது.

1760-ஆம் ஆண்டில் கோல்ராய்ட்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் இரண்டு புகையிலைச் சிற்றினங்களைத் தம் கையாலேயே கலந்து பார்த்தார். கலப்புச் செடி செழிப்பாக வளர்ந்தது, பூக்களும் பூத்தது. ஆனால் அதன் மகரந்தத்தால் பயனில்லை. அது மலடாக இருந்தது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையைப் போன்றதே இச்செடி என்றார் அவர்.

இந்த மலட்டுத்தன்மைக்குக் காரணம் என்ன? கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிரே ஒரு இணை நின்றால்தான் கோல்கள் ஒன்றையொன்று தட்டும், ஆட்டம் நடக்கும். செடியின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களும் மகரந்தமும் சூலும் உருவாகும் வேளையில் இணை இணையாக நிற்க வேண்டும். கலப்புச் செடியில் பாதிக் குரோமோசோம்கள் தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வந்தவை. இரு சாராரும் வெவ்வேறு ஆட்டம் கற்றவர்கள். யாருக்கும் சரியான இணை இல்லை. ஆட்டம் குலைகிறது, விதை உண்டாவதில்லை.

ஆகவே இனம் விட்டு இனம் கலக்கும் முயற்சிகளில் மிகப் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடிகின்றன. இதை நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

துறவியின் தோட்டம்

கலப்பினம் பற்றிப் பேசும்போது அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டலை மறக்க முடியாது. புருன் நகரத் துறவற மடத்தின் தோட்டத்தில் அவர் பட்டாணிச் செடிகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து, 1865-இல் அதன் முடிவுகளை வாசித்தளித்தார். 1866-இல் அச்சான அந்தக் கட்டுரையின் தலைப்பே தாவரக் கலப்பினங்களைப் பற்றிய ஆய்வு என்பதுதான். பட்டாணியில் அவர் கலந்தவை ஒரே சிற்றினத்தின் பல வகைகள். பின்னர் ஹைரேசியம் என்னும் காட்டுப் பூச்செடியின் வெவ்வேறு சிற்றினங்களையும் கலந்து பார்த்தார். பட்டாணியில் கண்ட ஒழுங்கு அங்கே கிடைக்கவில்லை. அச்செடி மகரந்தச் சேர்க்கை இன்றியே விதை தரவல்லது என்ற உண்மை அன்று தெரிந்திருக்கவில்லை. மரபியலின் தந்தைக்கே சிற்றினக் கலப்பு ஒரு புதிராகத்தான் இருந்தது.

செடிகள் காலப்போக்கில் மாறுகின்றன என்று சொன்னால் விசுவாசத்துக்கு இடையூறாகுமோ என்று சிலர் தயங்கலாம். பரிணாமம் பற்றிய ஆராய்ச்சிக்குத் திருச்சபை தடை விதிக்கவில்லை என்பதைப் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1950-இல் எழுதிய சுற்றுமடல் தெளிவாக்கியது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1996-இல் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், பரிணாமம் வெறும் ஊகத்திற்கும் மேலானது என்ற கருத்தை வெளியிட்டார். ஆகவே தயக்கமின்றி மேலே செல்வோம். மலடாகப் பிறந்த கலப்பினம் எப்படி வாழ வழி கண்டது? முக்கியமான வழிகள் மூன்று.

முதல் வழி: இரட்டிப்பு

கோலாட்டத்தில் இணையின்றித் தவிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அவளைப் போலவே ஆடத் தெரிந்த இன்னொரு பெண் வந்து சேர்ந்தால்? உடனே எல்லோருக்கும் இணை கிடைத்துவிடும். செடிகளிலும் இப்படி நிகழ்வதுண்டு. சில வேளைகளில் குரோமோசோம்கள் பாதியாகக் குறையாமல், முழுமையாகவே மகரந்தத்திலும் சூலிலும் சென்றுவிடுகின்றன. அவை இரண்டும் சேரும்போது பிறக்கும் செடியில் குரோமோசோம்கள் இரட்டித்துவிடுகின்றன. மலட்டுத்தன்மை நீங்குகிறது. ஆனால் இப்புதிய செடி இனித் தன் பெற்றோருடன் எளிதில் கலக்க முடியாது. அதுவே ஒரு தனிச் சிற்றினமாகிவிடுகிறது.

கோதுமையின் வரலாறு இதுவே. 14 குரோமோசோம்கள் கொண்ட ஒரு காட்டுக் கோதுமையும், 14 குரோமோசோம்கள் கொண்ட ஒரு காட்டுப்புல்லும் மேற்கு ஆசியாவில் இயற்கையாகக் கலந்தன. அதிலிருந்து 28 குரோமோசோம் உள்ள எம்மர் கோதுமை தோன்றியது. தமிழகத்தில் சம்பா கோதுமை என்று வழங்குவது இவ்வகையைச் சேர்ந்ததே. பிறகு மக்கள் எம்மரைப் பயிர் செய்துகொண்டே வடகிழக்காகப் பரவினர். காஸ்பியன் கடலின் தென்கரைப் பகுதியில் அவர்களது வயலோரங்களில் ஈஜிலாப்ஸ் என்ற வேறொரு காட்டுப்புல் வளர்ந்துவந்தது. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் எம்மர் இந்தப் புல்லுடன் கலந்தது. எம்மர் தந்தவை 14, புல் தந்தவை 7, ஆக 21 குரோமோசோம்கள். அவை இரட்டித்து 42 ஆயின. இன்று நாம் உண்ணும் ரொட்டிக் கோதுமை பிறந்தது.

இந்த மூன்றாவது மூதாதை எது என்பதை 1944-இல் ஜப்பானில் கிஹாராவும், அமெரிக்காவில் மக்ஃபேடன், சியர்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அவ்வாண்டில் அவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தன. மனிதர் பகைத்து நின்ற காலத்திலும் கோதுமை இருவருக்கும் ஒரே உண்மையைத்தான் சொன்னது!

எவரும் விதைக்காத அந்த வயலோரப் புல் கோதுமைக்கு என்ன தந்தது? கடுங்குளிரையும், வறண்ட உள்நாட்டுத் தட்பவெப்பத்தையும் தாங்கும் ஆற்றலை வளர்த்தது. மாவைப் பிசைந்தால் இழுபடும் தன்மைக்கும், ரொட்டி உப்பி எழுவதற்கும் அதன் ஜீன்கள் பெரிதும் உதவின. எம்மர் செல்ல முடியாத நாடுகளுக்கெல்லாம் ரொட்டிக் கோதுமை சென்றது. உலகில் விளையும் கோதுமையில் 100-க்கு ஏறத்தாழ 95 பங்கு இதுவே. மேலும், இரட்டித்த செடியில் ஒரே வேலைக்குப் பல ஜீன்கள் இருப்பதால், ஒன்று பழைய வேலையைப் பார்க்க மற்றொன்று மாறிப் புதிய வேலையைக் கற்க இடமுண்டு. புதிய சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ள இது பெரிய மூலதனம் அல்லவா?

இரண்டாம் வழி: இரட்டிக்காமலே

சில கலப்பினங்கள் குரோமோசோம் எண்ணிக்கை மாறாமலே நிலைத்துவிடுகின்றன. இதற்கு அறிஞர்கள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வட அமெரிக்கக் காட்டுச் சூரியகாந்தி.

அங்கே இரண்டு காட்டுச் சூரியகாந்திகள் பரவலாக உள்ளன. ஒன்று ஈரமான களிமண்ணை விரும்புவது. மற்றொன்று வறண்ட மணற்பாங்கான நிலத்தை விரும்புவது. இவற்றின் நெருங்கிய உறவுச் செடிகள் மூன்று, இவ்விரண்டும் வாழ இயலாத கொடிய இடங்களில் வாழ்கின்றன. ஒன்று மணற்குன்றுகளிலும், இன்னொன்று பாலைவனத் தரையிலும், மற்றொன்று உப்புச் சதுப்பிலும் வளர்கிறது. இம்மூன்றும் முன்சொன்ன இரண்டின் கலப்பில் தோன்றியவை என்று ரீஸ்பெர்க் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் எடுத்துரைத்தனர். அதைச் சோதிக்க, அந்த இரண்டு செடிகளையும் கண்ணாடிக் குடிலில் புதிதாகக் கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். சில தலைமுறைகளுக்குள்ளாகவே அச்செடிகளின் ஜீன் அமைப்பு, மணற்குன்றில் வாழும் செடியின் அமைப்பைப் பெரிதும் ஒத்துவந்தது. இதை அவர்கள் 1996-இல் வெளியிட்டனர்.

தாய்க்கும் இல்லாத, தந்தைக்கும் இல்லாத ஆற்றல் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உப்பைத் தாங்குவதற்கு ஆறு நல்ல ஜீன்கள் வேண்டும் எனக் கொள்வோம். தாயிடம் அவற்றில் மூன்று உள்ளன. தந்தையிடம் மற்ற மூன்று உள்ளன. இருவருமே உப்பு மண்ணில் பிழைக்க மாட்டார்கள். அவர்களது பேரப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறக்கும்போது, ஏதோ ஒன்றிடம் ஆறும் வந்து சேரலாம். ஆறில் ஒன்றுகூடக் கிடைக்காத பிள்ளைகளும் பிறக்கும், அவை மடியும். உப்பு மண்ணே ஆசிரியை போல நின்று, தகுதியுள்ளதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம்.

ஜீனில் தற்செயலாக நிகழும் திடீர் மாற்றத்தால் ஒரு நல்ல குணம் தோன்ற நெடுங்காலம் ஆகலாம். கலப்போ, ஏற்கெனவே இரு குடும்பங்களில் சோதித்துத் தேர்ந்த பல குணங்களை ஒரே நாளில் ஒன்று சேர்க்கிறது. கலப்பினத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது.

மூன்றாம் வழி: துளி கலந்து

கலப்புச் செடி தன் பெற்றோரில் ஒன்றுடனேயே மீண்டும் மீண்டும் கலப்பதும் உண்டு. அப்போது அடுத்தடுத்த தலைமுறைகள் அந்தப் பெற்றோரைப் போலவே ஆகிவிடும். ஆனால் மற்றொரு பெற்றோரின் ஒரு சில ஜீன்கள் மட்டும் உள்ளே தங்கிவிடும். பாலில் ஒரு துளி மோர் விழுந்து பால் முழுவதையும் தயிராக்குவது போல, அந்தச் சில ஜீன்கள் பெரிய மாறுதலைச் செய்யக்கூடும். எட்கர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலார் 1949-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இயற்கையின் இந்த வழியை மனிதர் கையாண்டு வெற்றி கண்ட இடம் நம் கோயம்புத்தூர்! நியூகினி நாட்டைத் தாயகமாகக் கொண்ட தடித்த கரும்பு சாறும் இனிப்பும் நிறைந்தது. ஆனால் வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காதது. வட இந்திய உழவர் பயிரிட்டது ஒல்லியான நாட்டுக் கரும்பு. அதுவே முற்காலத்தில் இயற்கையாக நிகழ்ந்த கலப்பில் பிறந்ததுதான். ஆயினும் அதன் விளைச்சல் குறைவு. இக்குறையைத் தீர்க்க 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு அங்கே நன்றாகப் பூப்பதே அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம்.

அங்கே பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும், டி. எஸ். வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான காரியம் செய்தனர். ‘வெள்ளை’ என்னும் தடித்த கரும்பை, ஆற்றங்கரைகளில் தானாக முளைத்துக் கிடக்கும் பேய்க்கரும்புடன் கலந்தனர். பேய்க்கரும்பு நாணல் போன்ற ஒரு புல். அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் வெள்ளமோ வறட்சியோ, எது வந்தாலும் சாகாத உயிர் அதற்கு. 80 குரோமோசோம் உள்ள கரும்பும், 64 உள்ள பேய்க்கரும்பும் கலந்து 112 குரோமோசோம் கொண்ட ‘கோ 205’ பிறந்தது. கரும்பு தன் 80-ஐயும் முழுமையாகக் கொடுத்துவிட்டது. பேய்க்கரும்பு 32-ஐக் கொடுத்தது. 1918-இல் இது பஞ்சாப் பகுதிக்கு வழங்கப்பட்டது. இதுபோன்ற கலப்புகளை மறுபடியும் இனிப்புக் கரும்புகளுடன் கலந்து, இனிப்பையும் உறுதியையும் ஒருங்கே பெற்றனர். இன்று உலகில் பயிராகும் கரும்பு வகைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காட்டுப் புல்லின் பங்கு பத்தில் ஒன்று அல்லது இரண்டு உண்டு.

இதே நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றியவர் இ. கே. ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர். பேய்க்கரும்பின் குரோமோசோம்களை நுணுகி ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு பேரினச் செடிகளுடனும் கலந்து காட்டினார். 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1984-இல் மறைந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த நாளில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்த அப்பெண்மணியை நம் மாணவியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

நாணயத்தின் மறுபக்கம்

கலப்பு எப்போதும் நன்மையே தரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்பார்ட்டினா என்ற கடற்கரைப் புல்லைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பல்கள் வழியே ஒரு வகை இங்கிலாந்தின் சௌத்தாம்டன் கரைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்த உள்நாட்டு வகையுடன் அது கலந்தது. 1870-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கலப்புப் புல் மலடாக இருந்தது. பிறகு அதன் குரோமோசோம்கள் இரட்டித்து, 1890-களில் விதை தரும் புதிய சிற்றினம் தலைகாட்டியது. மற்றச் செடிகள் வேரூன்ற முடியாத அலைச் சேற்றிலும் அது வளர்ந்தது. கரை அரிப்பைத் தடுக்கும் என்று பல நாடுகள் அதை வரவழைத்து நட்டன. ஆனால் அது கட்டுக்கடங்காமல் பரவிப் பறவைகள் இரை தேடும் சேற்று வெளிகளை மூடிவிட்டது. இன்று உலகின் மிகக் கெடுதலான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று.

அரிய செடிகளுக்கு வேறொரு அபாயமும் உண்டு. கலிபோர்னியாவை அடுத்த சாந்தா கேத்தலினா தீவில் மட்டுமே வளரும் மலை மகாகனி என்ற சிறு மரம் விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சியிருக்கிறது. அருகில் மிகுதியாக வளரும் உறவு மரத்துடன் அது கலந்துவருவதால், அதன் தனித்தன்மையே கரைந்துபோகும் நிலை. பேராற்றில் கலந்த சிற்றோடையின் நீரைப் பிறகு பிரித்தெடுக்க இயலுமா?

நாம் செய்ய வேண்டுவது

பரிணாமத்தைக் கிளைகள் பிரிந்துகொண்டே போகும் மரமாகப் படம் வரைந்து காட்டுவது வழக்கம். செடிகளைப் பொறுத்தவரை அதை ஆற்றின் கிளைகளுக்கு ஒப்பிடுவது பொருத்தம். பிரிந்த கிளைகள் சில இடங்களில் மீண்டும் சேர்கின்றன. சேர்ந்த இடத்தில் வேகம் கூடுகிறது.

ஆனால் சேர்வதற்குக் கிளைகள் இருக்க வேண்டும் அல்லவா? ரொட்டிக் கோதுமையைத் தந்த கலப்பு மிகச் சில முறையே நிகழ்ந்தது. ஆகவே அந்தக் காட்டுப்புல்லின் செல்வத்தில் ஒரு கைப்பிடியே கோதுமைக்குள் வந்திருக்கிறது. நோய்களும் வெப்பமும் பெருகிவரும் இந்நாளில் அந்தக் கைப்பிடி போதாது. அதனால் மெக்சிகோ நாட்டிலுள்ள பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களின் பிற்பகுதி முதல் அந்தப் பழைய கலப்பையே மீண்டும் செய்து, புதிய கோதுமை வகைகளை உருவாக்கி வருகின்றனர். அதற்கு அவர்கள் நாடுவது ஆசியாவின் மலைச்சரிவுகளிலும் வயலோரங்களிலும் எவரும் கவனிக்காமல் வளரும் அதே காட்டுப்புல்லைத்தான். அப்புல்லின் வகைகள் அழிந்துபோனால், எத்தனை ஆய்வுக்கூடம் இருந்தும் என்ன பயன்?

ஆற்றங்கரைகளைச் செதுக்கும்போதும், ஏரிக்கரைகளை மண்ணிட்டு நிரப்பும்போதும், “வெறும் புல்தானே!” என்கிறோம். பொங்கலன்று நாம் கொண்டாடும் கரும்பின் மேன்மையைச் சொல்லும் நாம், பேய்க்கரும்புக்கு வைத்த பெயரைப் பாருங்கள்! உலகெங்கும் கரும்பைக் காத்தது அந்தப் பேய்க்கரும்புதான். இறைவனின் படைப்பில் இது பயனுள்ளது, இது பயனற்றது என்று தீர்ப்பிட நமக்கு இன்னும் போதிய அறிவு வந்துவிடவில்லை.

மாணவியரே, உங்கள் ஊரின் வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் எத்தனை வகைப் புற்கள் வளர்கின்றன என்று விடுமுறையில் எண்ணிப் பாருங்கள். அவற்றின் பெயர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோரே, உங்கள் நிலத்தின் ஓரத்தில் ஒரு கீற்று இடத்தையாவது அவற்றுக்காக விட்டுவையுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகள் உண்ணப்போகும் உணவுக்கு உறுதி தரும் ஜீன், இன்று நாம் களை என்று பிடுங்கி எறியும் ஒரு புல்லுக்குள் இருக்கக்கூடும்.